பேராசிரியர் பீர்பல் சாஹ்னி

உலகிற் புதியன கண்டு புகழெய்தினார் பலர். முன்னையோர் கண்டு பெயரிட்டுப் போந்தவற்றை மீண்டும் கையிலெடுத்து, இட்ட பெயர் பொருந்துமோ பொருந்தாதோ என்று ஆராய்ந்து, பொருந்தாததை நீக்கிப் பொருந்துவதை நிறுவும் தொழிலை மேற்கொண்டார் மிகச் சிலரே. அத்தொழிலில் ஆரவாரம் இல்லை, பெரும்பொருள் இல்லை, முன்னோரைக் குறைகூறினான் என்னும் பழியுங்கூட ஒரோவழி நேர்தல் உண்டு. அதனினும் அரியது, பிறர் இட்ட பெயரைத் திருத்திய ஒருவர், தாம் இட்ட பெயரும் நாளைத் திருத்தப்படலாம் என்பதை உணர்ந்து, அதற்கு வேண்டிய கருவிகளையும் மாணாக்கரையும் தாமே தேடி வைத்துச் செல்லுதல். இவ்விரண்டிற்கும் சான்றாய் விளங்கியவர் தொல்தாவர நூற்புலவர் பீர்பல் சாஹ்னி. அவர் பஞ்சாபிற் பிறந்து லக்னோவில் வாழ்ந்தவராயினும், நம் தென்னாட்டுக் கல்மரம் ஒன்றின் பெயரோடு அவர் பெயர் பிரிவறப் பிணைந்து நிற்கின்றது. ஆதலின் அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தாம்.

தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்குத் தாவர நூலார் ஒருவரின் வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவுதல் கூடும். ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த பெரியோர்களின் வரலாற்றைக் கற்றவர்க்கு அவ்வினா எழாது. செல்லரித்த ஓர் ஏட்டில் முதலும் ஈறுமின்றி நிற்கும் செய்யுளைக் கண்டு, இஃது இன்ன நூலைச் சார்ந்தது என்று துணிவதும், பாறையினுள்ளே சிதைந்து கிடக்கும் கட்டையொன்றைக் கண்டு, இஃது இன்ன மரத்தைச் சார்ந்தது என்று துணிவதும் ஒரு தன்மையனவே. இரண்டிலும் எஞ்சியது சிறிது, அழிந்தது பெரிது. இரண்டிலும் விரைவு பிழைக்கு வாயிலாகும்.

பிறப்பும் இளமையும்

பீர்பல் சாஹ்னி 1891-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், பஞ்சாபில் ஷாபூர் ஜில்லாவைச் சார்ந்த பேரா என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று பாக்கிஸ்தானத்தின்கண் உள்ளது. தந்தையார் ருசிராம் சாஹ்னி, லாகூர் அரசினர் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராய் இருந்தவர். வறுமையுற்ற காலத்தும் கல்வியை விடாது, புத்தக மூட்டையைச் சுமந்து நெடுந்தூரம் கால்நடையாகவே சென்று பயின்ற உறுதியுடையார். ஐம்பது வயது கடந்த பின்னரும் ஐரோப்பா சென்று கதிரியக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டார் எனின், அவர்தம் கல்வி வேட்கையை வேறு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பேரா என்னும் அவ்வூர் உப்பு மலைத்தொடருக்கு அணித்து. கேவ்ரா என்னுமிடத்திலுள்ள பெரிய உப்புச் சுரங்கமும் அத்தொடரின்கண்ணதே. அங்குள்ள பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய ஏடுகள்போல வெளிப்பட்டுத் தோன்றும். அவற்றினுள் பண்டை உயிர்களின் சின்னங்கள் பல உண்டு. குடும்பத்தாரோடு அம்மலைப்பக்கம் சென்று வந்த இளமைப் பயணங்கள் பீர்பலின் நெஞ்சிற் பதிந்தன. முதுமையில் அவரைப் பெரியதொரு வாதத்தினுள் இழுத்துவிட்டதும் அதே உப்பு மலைதான். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

லாகூரிற் பள்ளிப் படிப்பை முடித்து, அங்கே அரசினர் கல்லூரியிற் சேர்ந்து, சிவராம் காசியப் என்னும் தாவர நூற்பேராசிரியரிடம் பாடங் கேட்டு, 1911-ஆம் ஆண்டிற் பஞ்சாப் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியிற் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில்

அந்நாளில் கேம்பிரிட்ஜில் தொல்தாவர நூலுக்குத் தலைவராய் விளங்கியவர் சீவார்டு என்னும் பேரறிஞர். 1914-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற சாஹ்னி, அவரிடமே ஆராய்ச்சி மாணாக்கராய் அமர்ந்தார். ஆசிரியரும் மாணாக்கரும் ஒருவரையொருவர் உணர்ந்து பழகிய அவ்வுறவு சீவார்டின் இறுதிவரை நீடித்தது.

சாஹ்னியின் முதலாராய்ச்சிகளுள் ஒன்று 1915-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜிங்கோ என்பது சீன நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய ஒரு பழமையான மரம். அதன் சூலினுள்ளே வேற்றுத் தாவரங்களின் மகரந்தத் துகள்கள் புகுந்து கிடத்தலை அவர் கண்டார். காற்றில் வந்த துகள் தனக்குரியதல்லாத சூலினுள்ளும் புகும் என்றால், கல்லாய்ப் போன பழஞ் சூலொன்றினுள் ஒரு துகளைக் கண்டவுடன், இரண்டும் ஒரே மரத்தின என்று துணிதல் தகுமோ? தகாது என்பதே அவ்வாராய்ச்சியின் பயன். ஒரிடத்திற் கிடந்தன என்பதனால் ஓரினத்தன ஆகா என்னும் இவ்வெச்சரிக்கையோடு அவர் தம் தொழிலைத் தொடங்கினார். இதனை நினைவிற்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகின்றோம்.

பின்னர் நியூ கலிடோனியாத் தீவில் வளரும் ஆக்மோபைலி என்னும் ஊசியிலை இனத்து மரத்தின் உள்ளமைப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அது பொடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து மரங்கள் பெரும்பாலும் பூமியின் தென்பாதிக்கு உரியன. உயிரோடு நிற்கும் மரத்தின் நாளங்களையும் நாரையும் நுணுகிக் கற்ற அப்பயிற்சி, பின்னர் இறந்துபட்ட மரங்களை இனங்காண்பதற்கு உறுதுணையாயிற்று. 1919-ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் நல்கியது.

அதற்கடுத்த ஆண்டில், சீவார்டும் சாஹ்னியும் சேர்ந்து எழுதிய நூலொன்று இந்திய நிலவியல் அளவைத் துறையின் வெளியீடாய் வந்தது. இந்தியக் கோண்டுவானாப் பாறைகளிற் கிடைத்த தாவரச் சின்னங்களை மறு ஆய்வு செய்வது அந்நூல். புதியது கண்டு பெயர்பெறும் வேட்கை மிக்க இளமைப் பருவத்தில், பழைய பெயர்களைச் சரிபார்க்கும் பணியையே அவர் முதற்கண் மேற்கொண்டமை கருதத்தக்கது.

தாயகத்தில்

1919-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய சாஹ்னி, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் லாகூரிலும் சிலகாலம் பேராசிரியராய் இருந்தார். 1920-ஆம் ஆண்டிற் சாவித்திரி அம்மையாரை மணந்தார். 1921-ஆம் ஆண்டில், புதிதாய் அமைந்த லக்னோப் பல்கலைக்கழகத்திற் தாவர நூற்பகுதியின் முதற்றலைவராய் அமர்ந்து, தம் இறுதிநாள் வரை அவ்விடத்தைவிட்டுப் பெயராது பணியாற்றினார். கதராடையே உடுத்தார். 1929-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் தன் உயர்ந்த அறிவியற் பட்டத்தை அவருக்கு அளித்தது; 1936-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராய்த் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

பெயர் திருத்துந் தொழில்

சாஹ்னியின் பெரும்பணியை உணர வேண்டுமாயின், தொல்தாவர நூலார் படும் இடர்ப்பாட்டைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு மரம் வேரும் தண்டும் இலையும் பூவும் கனியும் ஒருங்கே பொருந்தியவாறு கல்லாவதில்லை. இலை ஓரிடத்தும், கட்டை ஓரிடத்தும், விதை ஓரிடத்துமாகச் சிதறிக் கிடக்கும். கண்டெடுத்தவர் ஒவ்வொன்றற்கும் ஒவ்வொரு பெயர் இடுவர். அதனால் ஒரே மரம் மூன்று நான்கு பெயர்களைத் தாங்கி நிற்றலும், வெவ்வேறு மரங்கள் ஒரு பெயருள் அடங்கி மயங்குதலும் உண்டாம்.

இவ்விடர்ப்பாடு தாவர நூலார்க்கு மட்டும் உரியதன்று. வேறு பூச்சிகளின் உடலில் முட்டையிட்டு, அவற்றையே தன் குஞ்சுகளுக்கு உணவாக்கும் சிறுகுளவிகள் பலவுள. அக்குளவி பண்டைச் சேற்றில் அமிழ்ந்து கல்லாய்விடின், எஞ்சி நிற்பது பெரும்பாலும் சிறகின் நரம்புக் கோடுகளே. இனத்தை அறிதற்கு அவையே தலையாய அடையாளம். அக்கோடுகளுள் ஒன்றிரண்டு மங்கியிருப்பினும், முதலிற் கண்டவர் ஒரு குடும்பத்தில் வைக்க, பின்னர்க் கண்டவர் அதனை எடுத்து மற்றொரு குடும்பத்தில் வைப்பர். கோடு ஒன்று மறைந்ததனால் குடும்பமே மாறிவிடுகின்றது. எழுத்தொன்று தேய்ந்ததனாற் சொல்லும் பொருளும் மாறும் ஏட்டின் நிலையும் இதுவே அன்றோ?

இந்தியாவிற் கிடைத்த ஊசியிலை மரச் சின்னங்கள் யாவற்றையும் ஒருங்கே மறு ஆய்வு செய்யச் சாஹ்னி துணிந்தார். முதற்பகுதி 1928-ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1931-ஆம் ஆண்டிலும் நிலவியல் அளவைத் துறையின் வெளியீடுகளாக வந்தன. முதற்பகுதி, களிமண் பாறைகளில் அச்சுப்போலப் பதிந்த கிளைகளையும் இலைகளையும் பற்றியது. நம் ஸ்ரீபெரும்புதூரைச் சூழ்ந்த பாறைகளிற் கிடைத்த சின்னங்கள் அவற்றுள் அடங்கும். அவற்றிற்கு முன்னர்ப் பெயரிட்டவர், பொகீமிய நாட்டிலிருந்து வந்து கல்கத்தாவில் அத்துறையிற் பணியாற்றிய பைஸ்ட்மாண்டல் என்பார். பேருழைப்பாளராகிய அவர், அக்கால வழக்கையொட்டி, தோற்றத்தால் ஒத்த மரங்களின் பெயர்களைச் சிதைந்த கிளைகளுக்குச் சூட்டியிருந்தார். கனியும் விதையும் காணாத கிளைக்கு ஒரு குடும்பத்தின் பெயரைக் கொடுத்தல், குலமறியாதானுக்குக் கோத்திரம் கூறுதல் போலும் எனக் கருதிய சாஹ்னி, அத்தகையவற்றுட் சிலவற்றை எலாட்டோக்ளாடஸ் என்னும் பொதுப்பெயரின்கீழ் வைத்தார். ஊசியிலை மரக் கிளை என்பதற்குமேல் யாதும் உறுதி கூறாத பெயர் அது. அறிந்ததை அறிந்ததென்றும் அறியாததை அறியாததென்றும் பெயரிலேயே காட்டிவிடும் இம்முறையிற் பெருமிதத்துக்கு இடமில்லை, உண்மைக்கு இடமுண்டு.

திருவக்கரைக் கல்மரம்

யாம் பிறந்த தியாகதுருகம் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே உள்ளது. மேற்றிசையிற் கல்வராயன் மலைகள் நிற்பன. ஊரின்கண் ஓங்கிய மலைக்கோட்டை, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் மாறி மாறிப் பொருத கதையை உடையது. அம்மலைப் பாறையை எத்துணை உடைப்பினும் ஓர் இலைச் சுவடும் கிடையாது. நிலத்தில் மரம் என்பதே தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. கல்வராயன் மலையும் அத்தகையதே. ஆயின் அங்கிருந்து கிழக்கே சென்று, விழுப்புரங் கடந்து, புதுச்சேரிப் பக்கம் அணுகின், நிலத்தின் இயல்பு மாறுகின்றது. செம்மணற் கற்கள் தோன்றுகின்றன. கடலூர் மணற்கல் என்று நிலநூலார் வழங்கும் அப்பாறைகளின்கண், சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரையிற் கல்மரங்கள் கிடக்கின்றன.

ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்றுவெள்ளம் வேரும் கிளையும் களைந்து அடித்து வந்த மரங்கள் மணலிற் புதையுண்டன. மணலிலூறிய நீர் தன்னிற் கரைந்த சிலிக்காவை மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் படிவித்தது. மரம் மறைய, அதன் வடிவம் கல்லாய் நின்றது. ஊரார் அவற்றை வக்கிராசுரன் என்னும் அசுரனின் எலும்புகள் எனக் கூறுவது வழக்கம். அதுவும் ஒருவகைப் பெயரீடே. கண்ட வடிவுக்குக் காரணந் தேடிய முதன்முயற்சி அது. 1781-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு இயற்கை நூலாராகிய சொன்னெரா அவற்றைக் குறித்து எழுதினார். 1855-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டு ஜெனாப் பட்டணத்தில் ஷ்மிட் என்பவரும், உயிரணுக் கொள்கையாற் புகழ்பெற்ற ஷ்லைடன் என்பவரும் கல்மரங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், திருவக்கரைக் கட்டைக்குப் பியூசே ஷ்மிதியானா என்னும் பெயர் இடப்பெற்றது. பியூசே என்பது கிரேக்க மொழியிற் பைன் மரத்தைக் குறிப்பது. அக்காலத்தார் ஊசியிலை இனத்துக் கல்மரங்கள் பலவற்றையும் அப்பெயருள் அடக்கினர்.

இக்கட்டையைத்தான் சாஹ்னி 1931-ஆம் ஆண்டுப் பகுதியில் மறு ஆய்வு செய்தார். கல்மரத்தை ஆராயும் முறை இது: கல்லை மெல்லிய வில்லையாய் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்துக் காண்பர். குறுக்கே ஒன்று, நெடுக்கே இரண்டு என மூவகையாய் அறுத்தாலன்றி உண்மை விளங்காது. பூக்கும் மரங்களுட் பெரும்பாலனவற்றின் கட்டையில் நீர் செல்லும் பெருங்குழல்கள் உண்டு. ஊசியிலை மரங்களில் அவை இல்லை. பைன் மரத்திற் பிசின் செல்லும் குழாய்கள் உண்டு. பொடோகார்ப்பஸ் இனத்தில் அவை இல்லை. நாரணுக்களின் சுவரிலுள்ள குழிகள் வட்டமாய்த் தனித்து நிற்கின்றனவா, நெருங்கி அறுகோணமாய் அழுந்துகின்றனவா, கதிர்களோடு நாரணு கூடுமிடத்துக் குழி எத்தகையது என்பன எல்லாம் நோக்கப்படும். இவ்வடையாளங்களைக் கொண்டு, திருவக்கரைக் கட்டை பைன் இனத்தைச் சாராது, பொடோகார்ப்பஸ் குடும்பத்தை அடுத்ததெனச் சாஹ்னி கண்டார். ஆக்மோபைலியைக் கற்ற கண்களுக்கு அவ்வுறவு புலனாயிற்று. எனினும் இன்ன மரமே எனத் துணியாது, தம் ஆசிரியர் சீவார்டு 1919-ஆம் ஆண்டில் அமைத்த மெசெம்பிரியாக்சிலான் என்னும் அகன்ற பேரினத்துள் அதனை வைத்தார். நெருங்கிய இரண்டு வகைக் கட்டைகளைச் சிதைந்த நிலையிற் பிரித்தறிதல் அரிதென்று கருதியே சீவார்டு அப்பேரினத்தை வகுத்தார். தென்றிசை மரம் என்பது அப்பெயரின் பொருள்.

பெயர் மாறியதனாற் பயன் யாது என்பார்க்குக் கூறுவாம். பைன் வடபாதியின் மரம்; பொடோகார்ப்பஸ் பெரும்பாலும் தென்பாதியின் மரம். எனவே அக்கட்டையின் பெயர் மாறியபோது, நம் நிலத்தின் பழைய உறவும் வடக்கினின்று தெற்கே திரும்பியது. அக்குடும்பத்து மரமொன்று மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியில் இன்றும் இயற்கையாய் வளர்கின்றது. திருவக்கரைக் கல்லும் அம்மலையின் பசுமரமும் உறவினர் என்பதை, பியூசே என்னும் பெயர் 76 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது.

ராஜ்மகால் மலைகள்

இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்திலுள்ள ராஜ்மகால் மலைகள் சாஹ்னிக்குப் பெருங்களமாய் அமைந்தன. அங்கே பூப்போன்ற உறுப்பு ஒன்று, தண்டு ஒன்று, இலை ஒன்று என வெவ்வேறு பெயர்களில் வழங்கியவை, ஒரே தாவரத்தின் உறுப்புகள் என 1932-ஆம் ஆண்டில் நிறுவி, அம்முழுத் தாவரத்தையும் வரைந்து காட்டி, அதற்கு வில்லியம்சோனியா சீவார்டியானா என்று தம் ஆசிரியர் பெயரைச் சூட்டினார். 1948-ஆம் ஆண்டில், அம்மலைகளின் நிபானியா என்னுமிடத்துக் கற்களிலிருந்து பென்டாக்சிலீ என்னும் புதியதொரு தொகுதியை உலகறிய வெளிப்படுத்தினார். தண்டும் இலையும் விதைக்குலையும் வேறுவேறாய்க் கிடந்தவற்றை ஒருங்குசேர்த்த பெருஞ்செயல் அது.

அவ்விடத்ததே மற்றொரு கட்டை. அதிற் பெருங்குழல்கள் இல்லை. ஆயினும் குழலில்லாத கட்டையையுடைய அரிய பூமரங்கள் சிலவற்றை அது ஒத்திருந்தது. அதனைப் பூக்குந் தாவரத்தின் கட்டையெனக் கருதிய சாஹ்னி, 1932-ஆம் ஆண்டில் ஹோமாக்சிலான் ராஜ்மகாலென்ஸ் எனப் பெயரிட்டார். பூக்குந் தாவரங்களின் தோற்றம் எங்ஙனம் என்பது அறிஞரை நெடுங்காலமாய் மயக்கும் வினா. ஆதலின் அக்கட்டை உலகெங்கும் பேசப்பட்டது.

சென்னையும் உப்பு மலையும்

1940-ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னையிற் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்குச் சாஹ்னி தலைமை தாங்கினார். தக்கணத்தின் எரிமலைக் குழம்புப் பாறைகளைப் பற்றியது அவர் தலைமையுரை. அப்பாறைகளின் இடையடுக்குகளிற் கிடைத்த பனையினக் கட்டை, நீர்த்தாவரம் முதலியவற்றைச் சான்றாகக் கொண்டு, அவை முன்னர்க் கருதப்பட்டதினும் பிற்பட்ட காலத்தன என்று அவர் வாதித்தார். இன்றைய ஆராய்ச்சியோ அக்குழம்பு பெருகத் தொடங்கியதை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அவர் கூறிய காலத்தின் வாயிலில் வைக்கின்றது.

அதன்பின் எழுந்தது உப்பு மலை வாதம். உப்புப் பாறைமீது மிகப் பழைய கேம்பிரியப் பாறைகள் படிந்துள்ளன. உப்பு அவற்றினும் பழையதோ, அன்றிப் பிற்காலத்து உப்பின்மீது பழம்பாறை தள்ளுண்டு ஏறியதோ என நிலநூலார் இரு கட்சியாயினர். சாஹ்னி உப்பைக் கரைத்து வடித்து, அதனுள் மரத் துணுக்குகளையும் பூச்சிகளின் உடற்றுணுக்குகளையும் கண்டார். வெளித்தூசு புகாதபடி வேண்டிய காப்புகள் செய்தே அவர் ஆராய்ந்தார். கேம்பிரிய காலத்தில் நிலத்தில் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆகவே உப்பு பிற்காலத்தது என 1944-ஆம் ஆண்டிலும் 1945-ஆம் ஆண்டிலும் கூடிய அறிஞர் அவைகளில் அவர் நிலைநாட்ட முயன்றார். ஆயின் அக்கொள்கை நிலைக்கவில்லை. உப்பு 54 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டதென்பதே இன்றைய முடிபு. அத்துணுக்குகள் பிற்காலத்தில் உப்பினுட் புகுந்து கலந்தனவாதல் வேண்டும். ஜிங்கோவின் சூலினுட் புகுந்த வேற்றுத் துகளைக் கண்டு உலகை எச்சரித்தவரை, உப்பினுட் புகுந்த வேற்றுத் துணுக்குகள் வழிமாற்றின. எத்துணைக் கூர்மையுடையாரும் சான்றின் எல்லைக்குட்பட்டவரே என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

கல்லன்றி மண்ணிலும் அவர் கண் சென்றது. 1936-ஆம் ஆண்டில் ரோதக்கை அடுத்த கோக்ராக்கோட் மேட்டிற் பண்டை நாணயம் வார்க்கும் மண்ணச்சுகளைக் கண்டெடுத்து, பழைய இந்தியாவில் நாணயம் வார்த்த முறையைப் பற்றி 1945-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். உடைந்த அச்சுகளிலிருந்து முழுத்தொழிலையும் அறியும் அப்பணியும் அவர் வழக்கமான பணியின் மறுவடிவமே.

நிலையமும் முடிவும்

ஒருவர் வாழ்நாளில் முடியும் தொழில் அன்று இது என்பதை உணர்ந்த சாஹ்னி, 1946-ஆம் ஆண்டில் தொல்தாவரச் சங்கம் ஒன்றை நிறுவி, தம் நூல்களையும் கற்சேகரத்தையும் பொருளையும் அதற்கு வழங்கினார். அதன்வழித் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். பல நாட்டுக் கல்லுயிர்ச் சின்னங்களைப் பதித்துச் செய்த கல் அது. அதற்கு ஒரு கிழமை கழிந்து, ஏப்ரல் 10-ஆம் நாள் இரவில் மாரடைப்பினால் அவர் உயிர் நீத்தார். அகவை 57. நிலையத்தின் வளாகத்திலேயே அவர் சமாதி அமைந்தது. கட்டடம் எழுமுன் கட்டினார் மறைய, சாவித்திரி அம்மையார் அப்பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு தலைமை தாங்கி அதனை வளர்த்தார். அது லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல் அறிவியல் நிறுவனம் என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றது.

அவர் இட்ட பெயரின் கதி

இனி, ஹோமாக்சிலான் என்னும் அக்கட்டையின் வரலாற்றைக் கூறி முடிப்பாம். சாஹ்னி மறைந்து மூன்றாண்டு கழிந்தபின், 1952-ஆம் ஆண்டில், சூ என்பவரும் போஸ் என்பவரும் அதனை மீண்டும் நுணுகி ஆராய்ந்தனர். அது பூமரக் கட்டையன்று, வில்லியம்சோனியாவை உள்ளிட்ட பென்னட்டைட்டேல்ஸ் என்னும் பழைய வகுப்பை அடுத்தது என்பதற்குச் சான்றுகள் வெளிப்பட்டன. அன்றியும் ஹோமாக்சிலான் என்னும் பெயரை வேறொரு கட்டைக்கு முன்னரே ஒருவர் இட்டிருந்தமையால், அது செல்லாதாயிற்று. புதுப்பெயர் வேண்டியபோது, 1954-ஆம் ஆண்டில் போஸும் ஷாவும் அதற்குச் சாஹ்னியாக்சிலான் எனப் பெயர் சூட்டினர். ஆசிரியர் கொண்ட கருத்தை விலக்கிய அதே பொருளுக்கு ஆசிரியர் பெயரையே அளித்தனர். திருவக்கரைக் கட்டைக்கு அவர் வழங்கிய மெசெம்பிரியாக்சிலான் என்னும் பேரினப் பெயரையும் பின்வந்தார் பலர் விடுத்து, அத்தகைய கட்டைகளுக்குப் பொடோகார்ப்பாக்சிலான் என்னும் முந்திய பெயரையே மேற்கொள்ளலாயினர்.

இவற்றால் சாஹ்னியின் புகழ் குன்றிற்றோ எனின், குன்றவில்லை. ஷ்லைடனின் பெயரை அவர் மாற்றியது பழித்தற்கு அன்று. அவர் பெயரைப் பின்வந்தார் மாற்றியதும் அத்தகையதே. மாற்றுதற்கு வேண்டிய வில்லைகளும், நூல்களும், கற்சேகரமும் அவர் விட்டுச் சென்றவை. நோக்கும் முறையும் அவர் கற்பித்தது. தம் கருத்தே என்றும் நிற்றல் வேண்டும் என்னும் ஆசையுடையார் தம் சான்றுகளை மறைப்பர். உண்மையே நிற்றல் வேண்டும் என்பார் அவற்றைத் திறந்து வைப்பர். சாஹ்னி திறந்து வைத்தார்.

நம் கல்லூரி மாணாக்கர் திருவக்கரைக்குச் செல்வாராயின், நிலவியல் அளவைத் துறையின் காப்பிலுள்ள அக்கல்மரங்களை ஒருமுறை அமைந்து நோக்குவாராக. அசுரன் எலும்பு என்றும், பியூசே என்றும், மெசெம்பிரியாக்சிலான் என்றும் பெயர்கள் அவற்றின்மீது வந்து வந்து போயின. கல் அவ்வண்ணமே கிடக்கின்றது. வந்த ஒவ்வொரு பெயரும் முந்தியதினும் சற்றே உண்மைக்கு அணித்தாய் வந்தது. அவ்வணுமையை உண்டாக்கினார் வரிசையிற் பீர்பல் சாஹ்னியின் இடம் என்றும் அழியாதது.